சொற்களை எண்ணுதல்: திருமறை மாணவருக்கு ஒரு கணிப்பொறிப் பயிற்சி

முன்னுரை

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், பறித்த பழம் மாலையில் எடைக்கு வருகிறது. கணக்கர் ஓர் ஏட்டைத் திறந்து வைத்திருக்கிறார். ஒருவருடைய பெயர் ஏட்டில் முன்பே இருந்தால், அப்பெயருக்கு எதிரேயுள்ள தொகையோடு அன்றைய எடையைக் கூட்டுகிறார். பெயர் இல்லையெனில் புதிதாக எழுதி, எதிரே முதல் எடையைப் பதிகிறார். பருவம் முடிந்தபின் ஏட்டைப் பார்த்தால் யார் எவ்வளவு பறித்தார் என்பது தெளிவாகத் தெரியும். 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார் என்பது வரலாறு. அவர் பெயரை மறந்தோரும் இவ்வெளிய கணக்கு முறையை அறிவர்.

கணிப்பொறிக்கு ஆணைத்தொடர், அதாவது நிரல், எழுதக் கற்பவருக்குத் தொடக்கத்தில் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று இதே கணக்குத்தான். ஒரு கோப்பிலுள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, எச்சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பட்டியலிட வேண்டும். இறையியல் மாணவருக்கும் ஆயருக்கும் இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். "இச்சொல் இந்நிருபத்தில் இத்தனை முறை வருகிறது; ஆகவே இதுவே ஆசிரியரின் மையக் கருத்து" என்னும் வகையான வாதம் இன்று ஆய்வேடுகளிலும் அருளுரைகளிலும் மிகுந்து வருகிறது. எண்ணைத் தருவது பொறி. அதன்மேல் வாதத்தைக் கட்டுபவர் நாம். எண் எவ்வாறு பிறந்தது என்று அறியாதவர் அதன்மேல் கட்டும் வாதம் மணல்மேல் கட்டிய வீடாகும். ஆகவே எண்ணும் முறையை ஒருமுறையேனும் நம் கையால் செய்து பார்ப்பது நன்று.

1. எண்ணும் மரபு பழையது

திருமறைச் சொற்களை எண்ணும் பழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. எபிரேயத் திருமறையைப் படியெடுத்த மசோரெத்து அறிஞர் ஒவ்வொரு நூலின் முடிவிலும் அதன் வசனத் தொகையைக் குறித்து வைத்தனர். ஆதியாகமத்திற்கு அவர்கள் தந்த எண் 1534. அரிதாக வரும் சொற்களை ஏட்டின் ஓரத்தில் குறித்து, படியெடுப்பவர் பிழை செய்யாதபடி காத்தனர். அவர்களுக்கு எண்ணுதல் என்பது காத்தலேயாகும்.

13-ஆம் நூற்றாண்டில் பாரிசில், டோமினிக்கன் சபையைச் சார்ந்த ஹூகோ என்பாரின் தலைமையில் இலத்தீன் திருமறைக்கு ஒத்தவாக்கிய அகராதி உருவாயிற்று. ஆங்கிலத்தில் அலெக்சாந்தர் குரூடன் தனி ஆளாகத் தொகுத்த அகராதி 1737-இல் வெளிவந்தது. 1957-இல் ஜான் எல்லிசன் என்னும் ஆயர் யூனிவாக் கணிப்பொறியின் துணையுடன் ஆங்கிலத் திருத்திய மொழிபெயர்ப்பிற்கு ஒத்தவாக்கிய அகராதி தொகுத்தார்.

இவர்களுள் நம் கருத்துக்கு மிக நெருங்கியவர் இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபெர்த்தோ பூசா. தூய தோமா அக்குவினாரின் நூல்களில் 'பிரசன்னம்' என்னும் கருத்தை ஆராய முற்பட்ட அவர், அதற்கான பெயர்ச்சொல்லைத் தேடிச் சென்று, பொருளின் திறவுகோல் அப்பெயர்ச்சொல்லில் இல்லை, 'இன்' என்னும் சிறிய இலத்தீன் முன்னிடைச்சொல்லில் இருக்கிறது என்று கண்டார். அச்சொல் வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் கையால் எழுதினார். பின்னர் 1949-இல் ஐபிஎம் நிறுவனத்தை நாடினார். ஏறக்குறைய முப்பது ஆண்டு உழைப்பின் பயனாக, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்களை உள்ளடக்கிய 'இன்டெக்ஸ் தோமிஸ்டிக்குஸ்' 56 தொகுதிகளாக 1980-இல் நிறைவெய்தியது. கணிப்பொறியைக் கொண்டு இலக்கியத்தை ஆராயும் துறைக்கு வித்திட்டவர்களுள் ஒரு குருவானவர் இருக்கிறார் என்பதை நாம் நினைவில் கொள்ளல் வேண்டும். 'இன்' என்னும் அச்சிறு சொல்லையும் மறவாதிருப்போம். அது மீண்டும் வரும்.

2. நிரலின் அமைப்பு

நிரலைப் பைத்தான் போன்ற எளிய கணிப்பொறி மொழியில் பத்து வரிகளுக்குள் எழுதிவிடலாம். மொழி எதுவாயினும் செய்கைகள் இவையே:

1. கோப்பைத் திறந்து, உள்ளிருப்பதைப் படி.
2. படித்ததை இடைவெளி உள்ள இடங்களில் வெட்டிச் சொற்களாகப் பிரி.
3. ஒவ்வொரு சொல்லின் இருபுறமும் ஒட்டியுள்ள முற்றுப்புள்ளி, காற்புள்ளி, மேற்கோள்குறி முதலியவற்றை நீக்கு.
4. வெற்று ஏடு ஒன்றைத் தொடங்கு.
5. சொல்லை எடு. ஏட்டில் இருந்தால் அதன் எண்ணோடு ஒன்றைக் கூட்டு; இல்லையெனில் அதனை எழுதி, எதிரே ஒன்று என்று இடு.
6. சொற்கள் தீர்ந்தபின் எண்ணின் இறங்கு வரிசையில் அடுக்கி அச்சிடு.

ஐந்தாம் செய்கையே காப்பித் தோட்டத்துக் கணக்கரின் வேலை. பைத்தான் மொழியில் இவ்வேட்டிற்கு 'அகராதி' என்றே பெயர்.

நிரலைப் பெரிய நூலில் ஓட்டுமுன் சிறிய கோப்பில் ஓட்டி, கையால் எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். ஏற்காட்டைப் பற்றிய நான்கு வாக்கியங்களை இதற்கென அமைத்துக்கொள்வோம்:

ஏரி அருகே காடு. காடு அருகே மலை. மலை மேலே கோயில். ஏரி, காடு, மலை யாவும் இறைவன் படைப்பு.

இதில் மொத்தம் 15 சொற்கள் உள்ளன. காடு 3, மலை 3, ஏரி 2, அருகே 2. எஞ்சிய ஐந்து சொற்களும் ஒவ்வொரு முறை. ஆக, வெவ்வேறு சொற்கள் 9. அவற்றின் எண்களைக் கூட்டினால் 15. கூட்டுத்தொகை மொத்தச் சொல் தொகைக்குச் சமமாயிருத்தல் முதற் சோதனை. மூன்றாம் செய்கையை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். 'காடு', முற்றுப்புள்ளியோடு கூடிய 'காடு', காற்புள்ளியோடு கூடிய 'காடு' என ஒரே சொல் மூன்றாகி ஒவ்வொன்றும் ஒன்று என வரும். ஆயினும் கூட்டுத்தொகை அப்போதும் 15 தான். சோதனையில் தேறியும் விடை பிழையாக இருக்கலாம் என்பது இங்கு நாம் கற்கும் முதற் பாடம்.

இரண்டாம் சோதனைக்குச் சங்கீதம் 136 ஏற்றது. அதன் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்பல்லவியில் 'கிருபை' என்னும் சொல் உண்டு. ஆகவே அச்சங்கீதத்தை மட்டும் கொண்ட கோப்பில் 'கிருபை' என்பதற்கு எதிரே 26 என வரவேண்டும். வேறு எண் வந்தால் கோப்பில் பிழை உண்டு, அல்லது நிரலில் பிழை உண்டு.

இதே பயிற்சியைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற நிகழ்ச்சியும் உண்டு. 1986-இல் ஜான் பென்ட்லி தம் இதழ்ப் பகுதிக்காகச் சொற்களை எண்ணும் நிரலொன்றை எழுதித்தருமாறு டோனல்டு நூத் என்னும் பேரறிஞரை வேண்டினார். நூத் பல பக்கங்களில் விளக்கவுரையோடு கூடிய அழகிய நிரலை வரைந்தார். அதைத் திறனாய்ந்த டக் மக்கில்ராய், ஏற்கெனவே இருந்த சிறு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஆறு கட்டளைகளில் அதே வேலையை முடித்துக் காட்டினார்: வரிக்கு ஒரு சொல்லாகப் பிரி, சிறிய எழுத்தாக்கு, அகரவரிசைப்படுத்து, அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களை எண்ணு, எண்ணின்படி அடுக்கு, வேண்டிய அளவில் நிறுத்து. ஒத்தவாக்கிய அகராதி தொகுத்தோர் சீட்டுகளை அடுக்கிய முறைக்கு இது மிக நெருங்கியதாகும். நூத் ஒரு லுத்தரன் சபையினர். திருமறை நூல்களிலிருந்து மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை எடுத்து ஆராய்ந்து, 1991-இல் ஒரு நூலும் வெளியிட்டவர்.

3. தமிழ் எழுத்தினால் வரும் இடர்கள்

ஆங்கில நூலுக்கென எழுதப்பட்ட பாடத்தைத் தமிழ்க் கோப்பிற்கு அப்படியே பயன்படுத்துவோர் விரைவில் தடுமாறுவர். நான்கு இடர்களைக் குறிப்பிடுவோம்.

முதலாவது, கோப்பின் குறியீடு. சபைகளில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்த பழைய கோப்புகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அவை திரையில் தமிழாகத் தோன்றினும் உள்ளே ஆங்கில எழுத்துகளேயாம். முதலில் அவற்றை யூனிகோடு முறைக்கு மாற்றுதல் வேண்டும். கோப்பைத் திறக்கும்போது அது யூடிஎஃப்-8 குறியீட்டில் உள்ளது என்பதையும் நிரலில் சொல்லிவிடுவது நலம்.

இரண்டாவது, உயிர்மெய். 'கிருபை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பொறிக்கு ஆறு குறிகள். க, ர, ப என்னும் மூன்று எழுத்துகளும், அவற்றோடு சேரும் இகர, உகர, ஐகாரக் குறிகள் மூன்றும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. "எழுத்துகளின் தொடர்ச்சியே சொல்" என்று கற்பிக்கும் பாடநூல் முறையைப் பைத்தானில் பின்பற்றினால், அம்மொழியின் வழக்கமான தேடற்கருவி சார்பெழுத்துக் குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே 'கிருபை' உடைந்து க, ர, ப என மூன்று 'சொற்கள்' ஆகிவிடும். கிருபை பட்டியலிலேயே இராது. இதனாலேயே இடைவெளியில் வெட்டி, ஓரக்குறிகளை நீக்கும் முறையை மேலே கூறினோம்.

மூன்றாவது, ஒன்றுபோல் தோன்றும் இரண்டு. 'கொடை' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு குறிகளாகவும் இடலாம். அச்சில் வேறுபாடு தெரியாது. பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். எண்ணுமுன் அனைத்தையும் ஒரே வடிவிற்குக் கொணரும் கட்டளை உண்டு. அதை இடுதல் வேண்டும்.

நான்காவது, சந்தி. 'கர்த்தரை' என்னும் ஒரே சொல், வரும் சொல்லுக்கு ஏற்ப 'கர்த்தரைக்', 'கர்த்தரைத்', 'கர்த்தரைப்' என வல்லொற்று மிகுந்து வரும். ஏட்டில் அவை தனித்தனிப் பெயர்களாகும். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்னும் இலக்கண விதி இங்கு நமக்குக் கைகொடுக்கிறது. சொல்லின் இறுதியில் க், ச், த், ப் இருந்தால் நீக்கிவிடலாம். ஆயினும் திருமறைப் பெயர்கள் இவ்விதிக்கு அடங்கா. 'நாசரேத்' 'நாசரே' ஆகும். 'ரூத்' 'ரூ' ஆகிவிடுவாள். இத்தகைய பெயர்களை ஒரு விலக்குப் பட்டியலில் இட்டுக் காத்தல் வேண்டும். மோவாபியப் பெண்ணைக் காக்கப் போவாஸ் மீண்டும் தேவைப்படுகிறார்!

4. வேற்றுமை உருபும் இறையியலும்

இதுவரை கூறியவை கருவி பற்றிய இடர்கள். இனிக் கூறுவது பொருள் பற்றியது.

ஏற்காடு என்னும் பெயர் ஏரியும் காடும் சேர்ந்தது என்பர். அவ்வூரைப் பற்றிய கட்டுரையொன்றை எண்ணினால் ஏற்காடு, ஏற்காட்டில், ஏற்காட்டுக்கு, ஏற்காட்டின் என நான்கு சொற்கள் தனித்தனியே வரும். தொடக்கத்தைக் கொண்டு ஒன்றுசேர்க்கலாமே என்று தோன்றும். 'காடு' என்பதற்கு 'காட்டு' என்று தொடங்கும் அனைத்தையும் சேர்த்தால், 'காட்டில்' என்பதோடு 'காட்டினார்' என்னும் வினையும் வந்து புகுந்துவிடும். 'மலை' என்று தொடங்குவனவற்றைச் சேர்த்தால், மலையில் வாழும் 'மலையாளி' மக்களின் பெயரும், வியந்து 'மலைத்தார்' என்பதும் உடன் வரும். உருபுகளைப் பிரித்துப் பகுதியைக் காணும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றையும் கண்மூடிப் பயன்படுத்தல் ஆகாது. ஏன் எனக் காண்போம்.

ஆங்கில நூல்களை எண்ணுவோர், மிகுதியாக வரும் சிறு சொற்களைப் பயனற்றவை என நீக்கிவிடுவது வழக்கம். நீக்கப்படுபவற்றுள் 'இன்' முதன்மையானது. பூசா பத்தாயிரம் அட்டைகளில் எழுதிச் சேர்த்த அதே சொல்லுக்கு ஒத்த சொல்லை இவர்கள் முதலிலேயே களைந்துவிடுகின்றனர்! கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக வரும் முன்னிடைச்சொல் 'என்' என்பதே. 'கிறிஸ்துவுக்குள்' என்னும் பவுலடியாரின் இறையியல் முழுவதும் அச்சிறு சொல்லைப் பற்றியே நிற்கிறது. அது நீங்கினால் பட்டியலில் 'கிறிஸ்து' என்னும் பெயர் எஞ்சும்; அவருக்குள் இருத்தல் என்னும் பேருண்மை எஞ்சாது.

தமிழில் அவ்விடைச்சொல் தனியே நில்லாது உருபாகிச் சொல்லோடு ஒட்டி நிற்கிறது. ஆகவே உருபை நீக்காத எளிய நிரல் 'கிறிஸ்துவுக்குள்', 'கிறிஸ்துவினால்', 'கிறிஸ்துவோடு' ஆகியவற்றை வெவ்வேறாக எண்ணித் தருகிறது. தொடக்கக்காரரின் குறை என நாம் கருதிய அதுவே இங்கு நன்மையாகிறது. எல்லாவற்றையும் 'கிறிஸ்து' என ஒன்றாக்கும் தேர்ந்த கருவி, நாம் தேடிய பொருளையே துடைத்துவிடுகிறது. எனவே இரு பட்டியல்கள் தேவை: உருபோடு கூடியது ஒன்று, உருபு நீக்கியது ஒன்று. முதலாவதை ஒருபோதும் எறிந்துவிடக் கூடாது. 'கிறிஸ்து இயேசுவுக்குள்' என வரும் இடங்களில் உருபு அடுத்த பெயரில் ஒட்டுவதால், 'இயேசுவுக்குள்' என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும்.

தமிழுக்கே உரிய மற்றொரு சான்று 'நாம்', 'நாங்கள்' என்பவை. கிரேக்கத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல். தமிழில் மொழிபெயர்ப்பவரோ ஒவ்வோர் இடத்திலும் கேட்போரை உட்படுத்துவதா, விலக்குவதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். கர்த்தருடைய செபத்தில் 'எங்கள்' என்பது தகும். ஏனெனில் கேட்பவர் இறைவன். 2 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தை நிரலில் ஓட்டினால், நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் வரக் காணலாம். முதல் வசனத்தில் பூமிக்குரிய கூடாரம் 'நம்முடைய' வீடு. இருபதாம் வசனத்தில் கிறிஸ்துவின் ஸ்தானாபதிகள் 'நாங்கள்'. ஒப்புரவாக்குதலின் ஊழியம் அப்போஸ்தலர்க்கு மட்டும் உரியதா, திருச்சபை முழுவதற்கும் உரியதா என்னும் பெரும் வினாவிற்கு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லால் விடை தந்திருக்கிறார். நாமோ பிரசங்க பீடத்தில் "நாம் ஸ்தானாபதிகள்" என்று எளிதாக மாற்றிவிடுகிறோம். மாற்றுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றுகிறோம் என்பதை அறிந்து மாற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவோர்க்கும் இந்நிரல் உதவும். பப்ரீசியு 'பராபரன்' என்றார். பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. பிற்காலத்துப் பெயர்ப்புகள் 'கடவுள்' என்றன. ஒரே நூலின் மூன்று கோப்புகளை எண்ணி அருகருகே வைத்தால் நம் முன்னோர் எடுத்த முடிவுகளின் தடம் தெரியும்.

5. எண் சொல்வதும் சொல்லாததும்

மிகுதியாக வருவதே மையக் கருத்து என்பது எப்போதும் உண்மையன்று. கர்த்தருடைய செபத்தில் அப்பத்திற்கு அடையாக வரும் 'எப்பியூசியொஸ்' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரு இடங்களில் மட்டுமே வருகிறது. பட்டியலின் அடியில் கிடக்கும் அச்சொல்லின் பொருளைப் பற்றித் திருச்சபை நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வருகிறது.

எண்ணைக் கொண்டு ஆசிரியரைத் தீர்மானிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 1921-இல் பி. என். ஹாரிசன், ஆயர் நிருபங்களில் மட்டும் வரும் சொற்களை எண்ணி, அவை பவுலுடையவை அல்ல என வாதிட்டார். 1960-களில் ஸ்காட்லாந்து ஆயர் ஏ. க்யூ. மார்ட்டன், வாக்கிய நீளத்தையும் 'காய்' என்னும் இணைப்புச் சொல்லையும் கணிப்பொறியால் எண்ணி, பவுலின் பெயரிலுள்ள நிருபங்களுள் மிகச் சிலவே அவருடையவை என்றார். முன்பு நாம் குறிப்பிட்ட எல்லிசன் அம்முறையை ஜேம்ஸ் ஜாய்ஸின் புதினத்திற்கும் மார்ட்டனின் சொந்த எழுத்துக்கும் பொருத்தி, அவற்றையும் பலர் எழுதினர் என்ற முடிவே வரும் எனக் காட்டினார். ஆயர் நிருபங்கள் பற்றிய வினா இதனால் தீர்ந்துவிடவில்லை. அதற்கு வரலாறும், கருத்தும், திருச்சபை ஒழுங்கும் சான்று கூற வேண்டும். எண் அச்சான்றுகளுள் ஒன்றேயாம். ஆயினும் ஒரு முறையைப் பிறர்மேல் ஏவுமுன் நம்மேல் ஏவிப் பார்க்க வேண்டும் என்பதை எல்லிசன் நன்கு உணர்த்தினார்.

6. நம் அருளுரைகளை எண்ணுதல்

அந்நெறியின்படி நாமும் நம் அருளுரைகளை ஒரு கோப்பில் சேர்த்து இந்நிரலை ஓட்டிப் பார்த்தோம். மிகுதியாக வந்த பெயர்ச்சொற்களைக் கண்டு ஓரளவு மகிழ்ந்தோம், அவை எதிர்பார்த்தவையே. பின்னர், உருபு நீக்காத பட்டியலில் 'நாம்', 'நீங்கள்' என்பவற்றை எடுத்து, அவை வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். ஆறுதலும் வாக்குத்தத்தமும் கூறும் இடங்களில் பெரும்பாலும் 'நாம்' நின்றது. பாவத்தைக் கண்டிக்கும் இடங்களில் பெரும்பாலும் 'நீங்கள்' நின்றது. இரட்சிப்பில் சபையாரோடு பங்கு கொண்ட நாம், குற்றத்தில் அவர்களை விட்டு விலகி நின்றிருக்கிறோம். இதை எந்தச் சபையாரும் நம்மிடம் கூறியதில்லை. பொறி அதைப் பாவம் என்று சொல்லவில்லை. வரிகளை மட்டும் அடுக்கித் தந்தது. படித்தபோது வெட்கம் உண்டாயிற்று.

மற்றொன்றும் செய்து பார்க்கத்தக்கது. பட்டியலின் அடியில் ஒரே முறை வரும் சொற்களைப் பாருங்கள். அவற்றுள் நாம் கல்லூரியில் கற்ற வடமொழிச் சொற்களும் கலைச்சொற்களும் எத்தனை? ஏற்காட்டைச் சூழ்ந்த மலைக்கிராமத்தில் காப்பித் தோட்ட வேலை முடித்து ஆராதனைக்கு வந்து அமர்ந்திருப்பவர்க்கு, ஒரே முறை காதில் விழும் அச்சொல் விளங்குமா? விளங்காதெனின் விளக்கினோமா, அல்லது சொல்லிக் கடந்தோமா? இவ்வினாவிற்கு நிரல் விடை தராது. வினாவை மட்டும் நம் முன் வைக்கும்.

முடிவுரை

பத்து வரி நிரலொன்று நம்மை வேத அறிஞர் ஆக்கிவிடாது. நோட்டம் பார்க்கத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் எடைக்கல் மட்டும் இருந்து பயனில்லை. அது நிறையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஆயினும் நிறையைத் தவறாகச் சொல்லும் எடைக்கல் கர்த்தருக்கு அருவருப்பு என்பதையும் நாம் அறிவோம். மாணவர் முதலில் நான்கு வாக்கியங்களைக் கையால் எண்ணுக. பின்னர்ச் சங்கீதம் 136-ஐ எண்ணி 26 வருகிறதா எனச் சரிபார்க்க. அதன்பின் ஒரு நிருபத்தை எடுத்துக்கொண்டு, உருபுகளைக் களையாத பட்டியலை அருகில் வைத்து மூலத்தைத் திறக்க. ஆயர்மார் தம் அருளுரைக் கோப்பில் தொடங்கலாம். எண்ணி முடித்தபின், பட்டியலை மூடிவிட்டு, ஒவ்வொரு சொல்லும் நின்ற வசனத்திற்குத் திரும்பிச் செல்வோமாக. சொல் அங்கேதான் பொருள் தருகிறது.